கடைசிப் பந்திக்கு யார்? செட்டிநாட்டு விடுதி ஒன்றில் மின்வண்டி சார்ஜைக் குழு பிரித்த கதை

காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர், விடுதி, ஆட்களின் பெயர் எதையும் எழுதவில்லை. நான் மின் ஒப்பந்த வேலை பார்ப்பவன். மின் இணைப்பின் லோடைக் (மின்வாரியம் அனுமதிக்கும் அளவை) கூட்டித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கடைசியில் லோடு கூட்டவே இல்லை. நடுவில் நான் செய்த பிழை ஒன்றும் இதில் இருக்கிறது.

பின்னணி

முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற பழைய நகரத்தார் வீடு. முன்வளவில் வீட்டுக்காரர் ஆச்சி ஒருவர் இருக்கிறார். மற்ற கட்டுகளைப் பதினோரு அறை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். மூன்றாம் கட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மாட்டுவண்டி நிறுத்திய திறந்த கொல்லை. அங்கே எட்டு மின்சார ஆட்டோக்கள் இரவில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்கின்றன. ஓட்டுநர்கள் யூனிட் கணக்கில் பணம் கொடுக்கிறார்கள். வண்டிக்குச் சார்ஜ் ஏற்றித் தருவது மின்சாரம் விற்பது ஆகாது, அது ஒரு சேவைதான் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டதால் உரிமம் பற்றிய கவலை இல்லை. இவை போக விடுதி ஊழியர்களின் ஸ்கூட்டர்கள் ஆறேழு. விருந்தினர் கார் ஒன்றிரண்டும் வந்து போகும்.

அனுமதிக்கப்பட்ட லோடு 40 கிலோவாட், மூன்று பேஸ். மெயின் பிரேக்கர் 63 ஆம்பியர். சித்திரை மாதத்தில் மட்டும் ஏழு முறை இரவில் பிரேக்கர் விழுந்ததாக மேனேஜர் நோட்டில் குறித்து வைத்திருந்தார். "லோடு பத்தலை சார், 60 ஆக்கிடுங்க" என்றார். டெபாசிட், புதுக் கேபிள், புதுப் பேனல் என்று வேறொருவர் ஏற்கெனவே எஸ்டிமேட்டும் கொடுத்திருந்தார்.

செட்டிநாட்டில் தெருவின் மின்கணக்கே கொஞ்சம் விசித்திரமானது. பாதி வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். இணைப்பு இருக்கும், லோடு இருக்காது. கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று வந்தால் ஒரே வாரத்தில் எல்லா வீடும் திறக்கும். அப்போதுதான் அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குத் தன் நிஜமான பாரம் தெரியும். இதன் விளைவைப் பின்னால் பார்த்தோம்.

முதல் வாரம் கண்டவை

வைகாசியில் ஓர் இரவு ஒன்பது மணிக்கு கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஆர் பேஸில் 71 ஆம்பியர், ஒய் பேஸில் 34, பி பேஸில் 22. கூட்டிப் பார்த்தால் 28 கிலோவாட்தான். 40-ஐத் தொடவேயில்லை. மூன்று பேஸிலும் பாரம் சமமாக இருந்தால் ஏறக்குறைய ஒன்றும் ஓடக் கூடாத நியூட்ரலில் 44-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் கொல்லையில் இருந்தது. முகப்பிலிருந்து அங்கே 70 மீட்டர் தூரம். நான்கு கோர் கேபிள் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் ஆட்டோ பிளக்குகளைப் பொருத்தியவர் கைக்கு முதலில் வந்த பேஸிலேயே ஆறைக் கொடுத்துவிட்டார். ஆறு சார்ஜர் தலா 2 கிலோவாட் இழுத்தால் 52 ஆம்பியர். 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போய்த் திரும்பும் தூரத்துக்கு 13 வோல்ட் வழியிலேயே போய்விடும். கொல்லைக் கடைசியில் இருந்த பல்பு மங்கலாக எரிந்ததற்கு ஓட்டுநர்கள் பல்பையே மூன்று முறை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. பிரேக்கர் ஏன் சில நாள் விழுகிறது, சில நாள் விழவில்லை? மேனேஜரின் நோட்டைப் புரட்டினால், கோடை மழை பெய்த நாட்களில் ஒரு தடவைகூட இல்லை. பேனல் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைத் தேக்கு அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். இந்த வகை பிரேக்கர் சூட்டில் வளைகிற உலோகத் தகட்டால் வேலை செய்வது. பொதுவாக 30 அல்லது 40 டிகிரியைக் கணக்கில் வைத்துத்தான் அளவு குறித்திருப்பார்கள். அலமாரிக்குள் அதைவிடச் சூடு ஏறினால் 63 ஆம்பியர் பிரேக்கர் 63-க்குத் தாங்காது. 71 ஓடுகிற நாளில் புழுக்கமும் சேர்ந்தால் விழுந்துவிடும்.

அன்றே அலமாரிக் கதவைக் கழற்ற வைத்தேன். மறுநாள் எட்டு பிளக்கை 3, 3, 2 என்று மூன்று பேஸுக்கும் பிரித்தோம். கேபிள் இழப்பு நான்கு வோல்ட்டுக்குள் இறங்கியது. பிரேக்கர் விழுவது நின்றது. இதில் குழுவும் இல்லை, கணிதமும் இல்லை. ஆனால் இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போயிருந்தால் அத்தனையும் தப்பாகத்தான் முடிந்திருக்கும்.

என் பிழை

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனி மாதம் விடுதி நிறைய ஆரம்பித்தது. ஏசி எல்லாம் ஓடும் இரவுகளில் மொத்த டிமாண்டு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் கிலோவாட், 38, 39 என்று விளிம்பில் நின்றது. மாலை 6 முதல் இரவு 10 வரை உச்ச நேரம் என்பது தமிழ்நாட்டில் ஆலைக்காரர்களுக்குப் பழகிய கணக்கு. அதே பழக்கத்தில் நானும் எல்லா சார்ஜருக்கும் டைமர் வைத்து, பத்து மணிக்கு மேல் ஓடட்டும் என்று அமைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை. பதினோரு அறையும் நிறைந்திருந்தன. ஏசியும் பொது விளக்கும் சேர்ந்து 19 கிலோவாட். சரியாகப் பத்து மணிக்கு எட்டு ஆட்டோ, இரண்டு கார், இரவு வேலைக்கு வந்த மூன்று பேரின் ஸ்கூட்டர் என்று எல்லாம் ஒரே நொடியில் இழுத்தன. 10.40-க்கு பிரேக்கர் விழுந்தது. அந்த பில்லில் அதிகபட்ச டிமாண்டு 43.6 என்று வந்து, அனுமதித்ததைத் தாண்டியதற்குக் கூடுதல் கட்டணமும் கட்டினார்கள்.

டைமர் இல்லாதபோது ஓட்டுநர்கள் ஆளுக்கொரு நேரத்தில் வந்து பிளக் போட்டார்கள். ஒருவர் சாப்பிட்டுவிட்டு வருவார், ஒருவர் கடைசி ரயில் பார்த்துவிட்டு வருவார். அந்தச் சிதறலே பாதி பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் துடைத்து எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டேன். மலிவு நேரம் தொடங்கும் நொடியில் புது உச்சம் முளைப்பது மின்வண்டி பற்றிப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். எட்டு ஆட்டோவில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அளந்து பார்த்தல்

அதன் பிறகுதான், எந்த சார்ஜைத் தள்ளிப்போடலாம் என்று ஒழுங்காக அளந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு பிளக்கிலும் கால் மணிக்கு ஒருமுறை பதிகிற சின்ன மீட்டர். ஐந்து வாரத்தில் அறுநூற்றுச் சொச்சம் சார்ஜ் பதிவானது. பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் கணினி வேலையைச் செய்தார்.

முதல் முயற்சியாக, ஒவ்வொரு சார்ஜையும் அன்றைய 96 கால்மணிகளின் வரிசையாக எழுதி, ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்துக் குழுவாக்கும் கே-மீன்ஸ் என்ற கணித முறையில் குழு பிரித்தார். வந்தது கார், ஆட்டோ, ஸ்கூட்டர் என்ற மூன்று குழு. அதைச் சொல்ல கணினி எதற்கு? கார் 3.3 கிலோவாட், ஆட்டோ 2, ஸ்கூட்டர் 0.7 என்பதால் அளவு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது.

அளவை நீக்கி வடிவத்தை மட்டும் வைத்துப் பிரித்தபோது வேறு கோளாறு. "சார், ராத்திரி பாதி சார்ஜ் ஏத்துற குழு ஒண்ணு, விடியக்காலம் பாதி ஏத்துற குழு ஒண்ணு வருது" என்று மாணவி சொன்னார். அப்படி யாரும் இல்லை. பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிகிற ஒரே சார்ஜை நள்ளிரவு இரண்டு நாளாக வெட்டியிருந்தது. எங்கள் கணக்கில் நாள் பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கட்டும் என்று மாற்றியதும் அந்தப் போலிக் குழுக்கள் மறைந்தன. ஆனாலும் ஒன்பதுக்குத் தொடங்கும் மூன்று மணி நேர சார்ஜும், பன்னிரண்டரைக்குத் தொடங்கும் அதே மூன்று மணி நேர சார்ஜும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போல விலகி நின்றன. கால்மணிக்குக் கால்மணி ஒப்பிடும் முறைக்கு, கொஞ்சம் தள்ளி வந்த அதே உருவம் வேற்று ஆளாகத்தான் தெரியும். எங்களுக்கோ, தள்ளிப்போட முடிவது எது என்பதுதான் கேள்வி.

வளைகோட்டை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சார்ஜுக்கும் நான்கே எண்களை எடுத்துக்கொண்டோம். பிளக் போட்ட நேரம், ஏறிய யூனிட், மின்சாரம் ஓடிய நேரம், ஏறி முடிந்த பிறகும் பிளக்கிலேயே சும்மா நின்ற நேரம். நான்கையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தோம். இல்லையென்றால் நூற்றுக்கணக்கில் வரும் நிமிடங்கள், ஒற்றை இலக்கத்தில் வரும் யூனிட்டை விழுங்கிவிடும். நான்கு குழு, ஐந்து, ஆறு என்று போட்டுப் பார்த்தோம். குழுக்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்தன என்று காட்டும் தர மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு குழுவையும் காட்டியபோது, அது யார் என்று மேனேஜர் பார்த்த உடனே சொன்னது ஐந்தில்தான். அவருக்குப் பிடிபடாத குழுவை அவரால் நடத்த முடியாது.

ஐந்து குழுக்கள்

இரவு ஆட்டோக்கள்: எட்டரை, ஒன்பதுக்கு வந்து நிற்பவை. ஆறு யூனிட் போல ஏறும், மூன்று மணி நேரம் போதும். விடியும் வரை சும்மா நிற்கும்.

மதியச் சாப்பாட்டு நேர சார்ஜ்: அதே ஆட்டோக்கள்தான், ஆனால் வேறு ஆள் போல. ஒன்றரைக்கு வந்து பள்ளிக்கூடம் விடுவதற்குள் கிளம்பியாக வேண்டும். தள்ளிப்போட ஒரு நிமிடமும் கிடையாது. அந்நேரம் அறைகள் காலியாக இருப்பதால் தள்ளிப்போடத் தேவையும் இல்லை.

ஊழியர் ஸ்கூட்டர்: காலை ஏழுக்கு வந்த உடனே பிளக். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், மாலை வரை அங்கேயே கிடக்கும். ஆனால் அந்தக் காலை ஏழு மணிதான் கீசர் எல்லாம் ஓடும் நேரம்.

விருந்தினர் கார்: என்னை ஏமாற்றிய குழு இதுதான். வந்து இறங்கும்போதே டிரைவர் "உடனே சார்ஜ் போடணும்" என்பார். பதிவைப் பார்த்தால் சாயங்காலம் ஆறுக்கு வந்த கார் மறுநாள் ஒன்பதரைக்குத்தான் நகர்கிறது. எல்லாரையும்விட அதிகம் காத்திருக்க முடிந்தது அவசரப்படுத்துகிறவர்தான்.

ஐந்தாவது, எங்கும் ஒட்டாத சார்ஜுகள். காலை பத்தரை, பிற்பகல் நான்கு, இரவு ஏழு என்று அரை மணி, முக்கால் மணித் துண்டுகள். தப்பான பதிவு, தூக்கிவிடலாம் என்றார் மாணவி. பிளக் எண்ணைப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே பிளக். மறுநாள் கொல்லையில் போய் உட்கார்ந்தேன். பத்தரைக்கு ஓர் ஆட்டோ வந்தது. ஐம்பதைத் தாண்டிய ஓட்டுநர் வண்டியை நிழலில் விட்டு, சார்ஜரின் மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டார். அது சூடாகிறதாம். மின்சாரம் ஓடும் பெட்டி மேல் ஈரச் சாக்கு! அதை முதலில் எடுக்க வைத்தேன். "பேட்டரி தேஞ்சு போச்சுண்ணே. அறுபது கிலோமீட்டர் ஓடினா படுத்துக்குது. மாத்த காசு வேணும்ல, அதான் கோழி கொத்துற மாதிரி அப்பப்ப ஏத்திக்கிறேன்" என்றார். பதிவில் தப்பே இல்லை. காரைக்குடியில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இன்றும் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒருவர் தேய்ந்த பேட்டரிக்கு ஈரச் சாக்கு போட்டுக்கொண்டிருந்தார்.

எடுத்த முடிவுகள்

யார் முதலில், யார் கடைசியில் என்று மேனேஜரும் நானும் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி, "இதுல என்ன தம்பி யோசனை? பந்தி போடுற மாதிரிதான். பஸ்சுக்குப் போறவுகளை முதப் பந்தியில உக்கார வையி. வீட்டு ஆளுக கடைசிப் பந்தியில சாப்பிட்டுக்கலாம்" என்றார். முதலில் வந்தவர் யார் என்பது இல்லை, முதலில் கிளம்புகிறவர் யார் என்பதுதான் வரிசை. நாங்கள் ஐந்து வாரம் அளந்து கண்ட நான்காவது எண் அதைத்தான் சொன்னது. ஓட்டுநர்களும் அன்றிலிருந்து பந்தி என்றே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

விடிகாலை ரயிலுக்கும் பூச்சந்தைக்கும் போகிற மூன்று ஆட்டோ முதல் பந்தி, ஒன்பது மணிக்கு. மற்ற நான்கும் இரண்டாம் பந்தி, பன்னிரண்டே காலுக்கு. அறை குளிர்ந்தபின் ஏசி விட்டு விட்டுத்தான் ஓடும் என்பதால் அப்போது இடம் கிடைக்கிறது. லித்தியம் பேட்டரி எண்பது சதவீதம் வரை ஒரே வேகத்தில் இழுத்துவிட்டுப் பிறகு மெதுவாகக் குறையும். ஆகவே முதல் பந்தி முழுக்க எழுந்திருப்பதற்குள் இரண்டாவதை உட்கார வைப்பதில் பிரச்சினை இல்லை. கார்கள் ஒரு மணிக்கு, கடைசிப் பந்தி. ஸ்கூட்டர்கள் பகல் பதினொன்றுக்கு.

மத்திய அரசின் 2023 திருத்த விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் நேரவாரிக் கட்டணம் வரும். சூரிய ஒளி நேரத்தில் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு. உச்ச நேரத்தில் வணிக இணைப்புக்குக் குறைந்தது 1.2 மடங்கு. அதற்கும் ஸ்கூட்டர் ஏற்பாடு பொருந்தும்.

தேய்ந்த பேட்டரிக்காரருக்குப் பந்தி இல்லை. ஒரு பிளக்கை எந்நேரமும் உயிரோடு விட்டோம். 2 கிலோவாட்டைக் கணக்கில் நிரந்தரமாக ஒதுக்கி வைப்பது வீண் என்று மாணவி வாதாடினார். கணக்கில் அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த மனிதரை அட்டவணைக்குள் தள்ளினால் அவருக்கு ஒரு நாள் வருமானத்தில் பாதி போகும்.

காருக்கு மட்டும் வரவேற்பில் ஒரு கேள்வி சேர்த்தோம்: "காலையில எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?" பிள்ளையார்பட்டிக்கு விடிகாலையே போகிறவர், மதுரையில் விமானம் பிடிக்கிறவர் என்றால் முதல் பந்திக்கு மாற்றிவிடுவார்கள். அறுநூறு சார்ஜின் பதிவு சொல்லாததை இந்தக் கேள்வி சொன்னது.

பின்பு நடந்தவை

முதல் பத்து நாள் அமைதி. பதினோராம் நாள் விடிகாலை ஐந்துக்கு எனக்குப் போன். இரண்டாம் பந்தி ஓட்டுநர் ஒருவர், "அண்ணே, பேட்டரி எழுவத்தொண்ணு பர்சென்ட்தான் காட்டுது. குன்றக்குடி சவாரி போச்சு" என்றார். இரவு மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. நான் வாங்கிப் பொருத்தியது வட்டத் தட்டு சுற்றும் மலிவு டைமர். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். மறுபடி வந்தபோது மூன்று மணி நேரம் பின்தங்கி ஓடியது. அவர் சவாரிக் காசை என் கையிலிருந்து கொடுத்தேன். உள்ளே சின்ன பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர்களை மறுநாளே மாற்றினோம்.

ஆவணி முகூர்த்தத்தில் தெருவில் மூன்று வீடு திறந்தன. சீரியல் விளக்கு, கொட்டகை மின்விசிறி, தண்ணீர் மோட்டார், ஏசி. இரவு எட்டு மணிக்கு முகப்பிலேயே 196 வோல்ட்தான் வந்தது. வோல்டேஜ் குறைந்தால் சார்ஜர் ஆம்பியரைக் கூட்டி அதே 2 கிலோவாட்டை இழுத்துவிடும். இறங்குகிற தெருவை இன்னும் கீழே அழுத்தும். அந்த நான்கு நாளும் முதல் பந்தியைப் பதினொன்றரைக்குத் தள்ளினோம். மொட்டை வெயிலில் மதியமே கூடுதலாக ஏற்றிக்கொண்டு வரும்படி ஓட்டுநர்களிடம் சொன்னோம். ஒருவரைத் தவிர எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவருக்குக் கல்யாண வீட்டுச் சவாரியே இரவு ஒரு மணி வரை இருந்ததால் பேச்சு தானாக முடிந்தது.

அடுத்த பில்லில் அதிகபட்ச டிமாண்டு 33.8. பிரேக்கர் விழவில்லை. லோடு கூட்டும் மனுவை மேனேஜர் மேஜை டிராயரில் வைத்துவிட்டார். நான் 30-க்குள் வரும் என்று எதிர்பார்த்தேன். எந்த நேரத்தில் அந்த 33.8 பதிவானது என்று பார்த்தால் காலை 7.15. பதினோரு கீசர், சமையலறை கிரைண்டர், மெத்தைவிரிப்பு துவைக்கும் இயந்திரம். ஒரு மின்வண்டிகூட அப்போது சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

முதல் நாளே மூன்று பேஸையும் நியூட்ரலையும் தனித்தனியாக அளப்பேன். பிரேக்கர் விழுவதை மட்டும் பார்த்து லோடு கூட்டக் கிளம்பியவர்கள் எத்தனை பேரோ. ஒரே நேரத்தில் தொடங்கும் டைமரை இரண்டு வண்டிக்குக்கூட வைக்க மாட்டேன். ஐந்து நிமிட இடைவெளியாவது விடுவேன். ஐந்து வாரம் அளப்பதற்கு முன் ஐந்து நாள் கொல்லையில் உட்கார்ந்திருப்பேன். கார் பற்றிய கேள்வியும் ஈரச் சாக்கும் அங்கேயே கிடைத்திருக்கும். ஆனாலும் அளக்காமல் விட்டிருக்க மாட்டேன். அவசரம் என்று சொல்கிற காருக்கு அவசரமில்லை என்பதை டிரைவர் வாயால் யாரும் கேட்டிருக்க முடியாது.

சார்ஜ் ஏற்றும் இடத்தைக் கூரைக்கு வெளியே வைத்தது ஆச்சியின் பிடிவாதம். மழைக்கு ஒதுங்க மூன்றாம் கட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு பிளக் கேட்டார்கள். நூறு வருஷத்துப் பர்மாத் தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் பேட்டரி நிற்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். நானாக இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். இப்போது கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று தனியாக வைத்திருக்கிறோம்.

தேய்ந்த பேட்டரிக்காரர் ஐப்பசியில் கடன் வாங்கிப் புது பேட்டரி போட்டுவிட்டார். இரண்டாம் பந்தியில் சேர்ந்துகொண்டார். எந்நேரமும் உயிரோடு இருந்த அந்தப் பிளக்கை எடுத்துவிடலாமா என்று மேனேஜர் கேட்டார். வேண்டாம் என்றேன். மற்ற ஏழு பேட்டரியும் அதே வருஷத்தில் வாங்கியவை.